ரெப்ளிகா எப்போ வந்து சேரும்?

போன எபிசோடில் இண்டெக்ஸ் பற்றிப் பேசினோம். இன்றைக்கு டேட்டாபேஸ் ரெப்ளிகா. பிரைமரியை விட ரெப்ளிகா எவ்வளவு பின்தங்கி இருக்கு, நேரம் போகப் போக அது எப்படி மாறுது, அதை எப்படிக் கண்காணிக்கணும். இதுதான் விஷயம்.

கேட்க ரொம்ப வறட்சியாத் தெரியலாம். ஆனா ஆன்-காலில் இருக்கறவங்களுக்குத் தெரியும், டேட்டாபேஸ் படுத்துட்டா மேலிடத்திலிருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணுதான்: "எப்போ சரியாகும்?" அதுக்கு நேர்மையா பதில் சொல்ல முடியுமா முடியாதா என்பது, அன்றைக்கு நீங்க எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைப் பொறுத்தது இல்லை. அதுக்கு முந்தின ரெண்டு மூணு மாசம் நீங்க எதை அளந்து வைச்சிருந்தீங்க என்பதைப் பொறுத்தது. இன்றைக்கு அதைத்தான் விளக்கப் போறேன்.

முதலில் அடிப்படை

பிரைமரி சர்வரில்தான் எல்லா எழுத்து வேலையும் நடக்கும். இன்சர்ட், அப்டேட், டெலீட் எல்லாம். நடக்கற ஒவ்வொரு மாற்றத்தையும் அது ஒரு பதிவேட்டில் வரிசையா எழுதிக்கிட்டே போகும். மைஎஸ்கியூஎல்லில் அதுக்குப் பேர் பைனரி லாக். போஸ்ட்கிரெஸ்ஸில் ரைட் அஹெட் லாக், சுருக்கமா 'வால்'. தமிழில் படிச்சாலும் பொருத்தமான பேர்தான். பிரைமரிக்குப் பின்னாடியே நீண்டுகிட்டுப் போற வால்.

ரெப்ளிகா அந்தப் பதிவேட்டை வாங்கி, அதே வரிசையில் தன்கிட்ட இருக்கற டேட்டாவில் மாற்றங்களைச் செய்யும். வாங்கறது ஒரு வேலை, செஞ்சு முடிக்கறது இன்னொரு வேலை. ரெண்டுக்கும் நேரம் ஆகும். பிரைமரியில் நடந்தது ரெப்ளிகாவில் தெரியற வரைக்கும் ஆகற தாமதத்துக்குப் பேர்தான் லேக்.

இதில் என்ன போச்சு? ரெண்டு விஷயம் போகும்.

ஒண்ணு, பழைய டேட்டா. நீங்க ஒரு பஸ் டிக்கெட் புக் பண்றீங்க. பணம் போயாச்சு. 'மை புக்கிங்ஸ்' பக்கத்துக்குப் போறீங்க, காலியா இருக்கு. ஏன்னா புக்கிங் பிரைமரியில் எழுதப்பட்டது, இந்தப் பக்கம் ரெப்ளிகாவிலிருந்து படிக்குது, ரெப்ளிகா 20 விநாடி பின்னாடி இருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க? மறுபடி புக் பண்ணுவீங்க. இப்போ ஒரே சீட்டுக்கு ஆசைப்பட்டவர் கையில் ரெண்டு சீட்டு.

ரெண்டாவது, இன்னும் பெருசு. பிரைமரி செத்துப் போனா ஒரு ரெப்ளிகாவைத்தான் புது பிரைமரியா உயர்த்துவோம். அசிங்க்ரோனஸ் முறையில் ஓடிக்கிட்டிருந்தா, அந்த நிமிஷத்தில் ரெப்ளிகாவுக்கு இன்னும் வந்து சேராத மாற்றங்கள் எவ்வளவோ, அவ்வளவும் போச்சு. அதனால் லேக் கிராஃப் என்பது உண்மையில், "இந்த நொடி பிரைமரி விழுந்தா வாடிக்கையாளரோட டேட்டா எவ்வளவு தொலையும்" என்பதோட கிராஃப்.

டாஷ்போர்டில் தெரியற எண் எதைச் சொல்லுது?

மைஎஸ்கியூஎல்லில் எல்லாரும் பார்க்கறது 'செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்'. பழைய வெர்ஷன்களில் 'செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர்'. பேரைப் பார்த்தா பிரைமரிக்கும் ரெப்ளிகாவுக்கும் உள்ள இடைவெளி மாதிரி இருக்கும். ஆனா அது அளக்கறது, ரெப்ளிகாவுக்கு வந்து சேர்ந்த மாற்றங்களைச் செய்யற த்ரெட் எவ்வளவு பின்தங்கி இருக்கு என்பதை மட்டும்தான். நெட்வொர்க் மெதுவா இருந்து மாற்றங்கள் வந்தே சேரலைன்னா, வந்த கொஞ்சத்தையும் அது முடிச்சுட்டு உட்கார்ந்திருக்கும். எண் பூஜ்யம் காட்டும். ரெப்ளிகேஷன் நின்னே போச்சுன்னா எண்ணுக்குப் பதிலா 'நல்' வரும். சில மானிட்டரிங் ஸ்கிரிப்ட் அந்த நல்லையும் பூஜ்யமா மாத்திடும். நிலைமை மோசமா இருக்கற நேரத்தில் டாஷ்போர்டு பச்சையா சிரிக்கும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் நேர் எதிரான குழப்பம். ரெப்ளிகாவில் கடைசியா செய்யப்பட்ட டிரான்ஸாக்‌ஷனோட நேரத்தை, இப்போதைய நேரத்திலிருந்து கழிச்சுப் பார்க்கறது ரொம்பப் பேரோட வழக்கம். பகலில் சரியா வேலை செய்யும். ராத்திரி மூணு மணிக்கு யாருமே எதுவுமே எழுதலைன்னா? ரெப்ளிகா எல்லாத்தையும் முடிச்சுட்டுச் சும்மா இருக்கும், ஆனா கடைசி டிரான்ஸாக்‌ஷன் நடந்து 10 நிமிஷம் ஆச்சு, அதனால் லேக் 10 நிமிஷம்னு காட்டும். உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பி விடும்.

இதுக்கு எளிமையான தீர்வு ஹார்ட்பீட். பிரைமரியில் ஒரு சின்ன டேபிள். அதில் விநாடிக்கு ஒரு தடவை இப்போதைய நேரத்தை எழுதிக்கிட்டே இருங்க. அந்த வரியும் மற்ற டேட்டா போற அதே பாதையில்தான் ரெப்ளிகாவுக்குப் போகும். ரெப்ளிகாவில் அந்த நேரத்தைப் படிச்சு, இப்போதைய நேரத்திலிருந்து கழிங்க. வழியில் எங்கே தாமதம் இருந்தாலும் அதில் வந்துடும். சும்மா இருக்கற டேட்டாபேஸிலும் பொய் சொல்லாது. பெர்கோனா டூல்கிட்டில் இதுக்குன்னே பிடி-ஹார்ட்பீட் என்று ஒரு கருவி இருக்கு. ரெண்டு சர்வரோட கடிகாரமும் ஒத்துப் போகணும், அவ்வளவுதான் நிபந்தனை.

போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தறவங்க இன்னொண்ணும் பண்ணுங்க. பிரைமரியில் 'பிஜி ஸ்டாட் ரெப்ளிகேஷன்' என்கிற வியூவைப் பாருங்க. ஒவ்வொரு ரெப்ளிகாவுக்கும் நாலு இடம் காட்டும்: பிரைமரி அனுப்பியது எது வரை, ரெப்ளிகா எழுதிக்கிட்டது எது வரை, டிஸ்க்கில் பத்திரமானது எது வரை, டேட்டாவில் செஞ்சு முடிச்சது எது வரை. அனுப்பினதுக்கும் எழுதினதுக்கும் இடைவெளி கூடினா நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்க. டிஸ்க்கில் பத்திரமா இருக்கு, ஆனா செஞ்சு முடிக்கலைன்னா பிரச்சினை ரெப்ளிகாவுக்குள்ளேயே இருக்கு. ஒருவேளை யாரோ அங்கே ஒரு நீளமான ரிப்போர்ட் க்வெரி ஓட்டிக்கிட்டிருக்கலாம். அதோட மோதற மாற்றம் வந்தா, டிஃபால்ட் செட்டிங்கில் 30 விநாடி வரைக்கும் ரெப்ளிகா க்வெரிக்காகக் காத்திருக்கும். பல இடங்களில் ரிப்போர்ட் டீமோட வற்புறுத்தலால் அந்த 30 விநாடியை மணிக்கணக்கா ஏத்தி வைச்சிருப்பாங்க. அதுக்கான விலை லேக்கில் தெரியும்.

ஒரு மாசத்துக் கோடு

சரி, எண்ணைச் சரியா அளந்துட்டோம். 'லேக் 40 விநாடி'. இது நல்லதா கெட்டதா? சொல்ல முடியாது. ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி 400 ஆக இருந்து இறங்கிக்கிட்டிருந்தா நல்ல சேதி. 4 ஆக இருந்து ஏறிக்கிட்டிருந்தா கெட்ட சேதி. காய்ச்சல் மாதிரிதான். 101 என்கிற ஒரு ரீடிங்கை மட்டும் பார்த்து டாக்டர் எதுவும் சொல்ல மாட்டார். நேத்து ராத்திரி எவ்வளவு, காலையில் எவ்வளவுன்னு கேட்பார்.

ஒரு மாசத்து லேக் கோட்டை விரிச்சுப் பாருங்க. பல கதை தெரியும்.

தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் ஏறி, அரை மணி நேரத்தில் இறங்கற முக்கோணம் இருந்தா, ஏதோ ஒரு பேட்ச் ஜாப் லட்சக்கணக்கான வரிகளை ஒரே டிரான்ஸாக்‌ஷனில் மாத்துது. அதைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சா முக்கோணம் சுருங்கும்.

அதே முக்கோணம் வாரா வாரம் கொஞ்சம் அகலமாகிக்கிட்டே வந்தா கவனிங்க. போன மாசம் 20 நிமிஷத்தில் இறங்கினது இந்த மாசம் 35 நிமிஷம் எடுக்குது. உச்சம் மாறவே இல்லாம இருக்கலாம், அதனால் அலர்ட் எதுவும் அடிக்காது. ஆனா ரெப்ளிகாவோட மிச்ச சக்தி குறைஞ்சுகிட்டே வருதுன்னு அர்த்தம். என்னைக் கேட்டா, முழு டாஷ்போர்டிலும் மிக முக்கியமான தகவல் இதுதான்.

ஒரே சாய்வில், விநாடிக்கு ஒரு விநாடின்னு நேர்கோடா ஏறினா ரெப்ளிகேஷன் நின்னுபோச்சு. அதை விட மெதுவா ஏறினா ஓடுது, ஆனா எழுத்து வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியலை.

இங்கே ஒரு பொறி இருக்கு. நிறைய மானிட்டரிங் சிஸ்டம், பழைய டேட்டாவைச் சேமிக்கும்போது ஒரு மணி நேரத்து எண்களைச் சராசரி ஆக்கிடும். 5 நிமிஷம் 300 விநாடி லேக் இருந்தது, மிச்ச 55 நிமிஷம் பூஜ்யம். சராசரி 25. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால் சராசரியோட சேர்த்து உச்சத்தையும் சேமிங்க. அதே மாதிரி, அஞ்சு ரெப்ளிகா இருந்தா அஞ்சுக்கும் தனித்தனிக் கோடு. சேர்த்துச் சராசரி போட்டா, தள்ளாடற ஒண்ணை மற்ற நாலும் மறைச்சுடும்.

மோட்டாரும் டேங்கும்

இப்போ முக்கியமான கணக்கு. ரெப்ளிகா பின்தங்கிடுச்சு. எப்போ வந்து சேரும்?

அபார்ட்மெண்ட் மொட்டை மாடி டேங்க்கை நினைச்சுக்கோங்க. காலி. ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் போட்டா ஒரு மணி நேரத்தில் நிறைஞ்சிடும். அதே மோட்டாரைக் காலை ஏழு மணிக்குப் போடுங்க. ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் குளிக்கறார், ஒருத்தர் பாத்திரம் கழுவறார், வாஷிங் மெஷின் ஓடுது. மோட்டார் அதே வேகத்தில்தான் ஏத்துது. ஆனா டேங்க் நிறையாது. ஏன்னா நிறையறது ஏறுற தண்ணீருக்கும் இறங்கற தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான்.

ரெப்ளிகாவும் அப்படித்தான். கணக்குக்காக ஒரு உதாரணம். பாக்கி இருக்கற பதிவேடு 36 ஜிபி. ரெப்ளிகா விநாடிக்கு 20 எம்பி செஞ்சு முடிக்கும். அதே நேரத்தில் பிரைமரியில் விநாடிக்கு 10 எம்பி புதுசா வந்துகிட்டே இருக்கு. அப்போ பாக்கி குறையற வேகம் 10 எம்பி. ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்துடும்.

இப்போ காலை டிராஃபிக் ஏறி, புதுசா வர்றது 18 எம்பி ஆகுது. எழுத்து வேகம் ரெண்டு மடங்கு கூட ஆகலை. ஆனா பாக்கி குறையற வேகம் வெறும் 2 எம்பி. ஒரு மணி நேரம் அஞ்சு மணி நேரம் ஆகிடும். 20 எம்பியைத் தொட்டுச்சுன்னா? வந்து சேரவே சேராது. எழுத்து குறையணும், இல்லை ரெப்ளிகா வேகம் கூடணும். வேற வழியே இல்லை.

கிட்ஹப், அக்டோபர் 2018

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஏகப்பட்ட டெவலப்பர்கள் கோட் வைச்சிருக்கற கிட்ஹப்பிலேயே நடந்தது. அவங்களே விவரமா எழுதி வெளியிட்டிருக்காங்க.

2018 அக்டோபர் 21, ஞாயிறு. நம்ம நேரப்படி திங்கள் விடிகாலை 4.22. பழுதாகிக்கிட்டிருந்த ஒரு 100 ஜி ஆப்டிகல் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கற அவங்க நெட்வொர்க் மையத்துக்கும் முக்கிய டேட்டா சென்டருக்கும் நடுவில் இணைப்பு அறுந்தது. 43 விநாடியில் திரும்பி வந்துடுச்சு. ஆனா சேவை முழுசா சரியாக 24 மணி நேரம் 11 நிமிஷம் ஆச்சு.

அந்த 43 விநாடியில் என்ன ஆச்சுன்னா, ஃபெயிலோவரைக் கவனிக்கற ஆர்க்கஸ்ட்ரேட்டர் என்கிற மென்பொருள், கிழக்குக் கரை போயிடுச்சுன்னு முடிவு பண்ணி, மைஎஸ்கியூஎல் பிரைமரிகளை மேற்குக் கரைக்கு மாத்திடுச்சு. கிழக்கில் சில விநாடிகளுக்கு எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேரலை. அவங்களோட பரபரப்பான ஒரு கிளஸ்டரில் மட்டும் அப்படி 954 ரைட்கள் இருந்தன. மேற்கில் அதுக்குள்ள புதுசா எழுத ஆரம்பிச்சாச்சு. ரெண்டு பக்கமும் மற்றதில் இல்லாத டேட்டா. வேகமா மீளறதை விட டேட்டா பத்திரமா இருக்கறது முக்கியம்னு கிட்ஹப் முடிவெடுத்தது. பேக்கப்பிலிருந்து மீட்டு, ரெப்ளிகாக்களைத் திரும்ப ஒத்திசைய வைக்கற வேலை ஆரம்பமாச்சு.

நம்ம நேரப்படி மாலை 4.42 மணிக்குப் பிரைமரிகள் எல்லாம் கிழக்குக் கரைக்குத் திரும்பிடுச்சு. தளம் வேகமாச்சு. ஆனா டஜன் கணக்கான ரெப்ளிகாக்கள் இன்னும் மணிக்கணக்கில் பின்தங்கி இருந்தன. அதனால் பக்கத்தைத் திறக்கறவங்களுக்கு ஒரு தடவை புது டேட்டா, ஒரு தடவை பழைய டேட்டா.

இங்கேதான் நம்ம விஷயம் வருது. எப்போ வந்து சேரும்னு அவங்க போட்ட மதிப்பீடு, லேக் நேர்கோட்டில் இறங்கும் என்கிற மாதிரி இருந்தது. நடந்தது வேற. ஆரம்பத்தில் வேகமா இறங்கி, போகப் போக மெதுவாகி, வாலை இழுத்துக்கிட்டே போற வளைகோடு. காரணத்தையும் அவங்களே சொல்றாங்க: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் எழுந்து வேலைக்கு வர ஆரம்பிச்சாங்க, எழுத்து லோடு கூடிச்சு. மொட்டை மாடி டேங்க், காலை ஏழு மணி. அதேதான்.

அப்புறம் அவங்க கூடுதல் ரீட் ரெப்ளிகாக்களைச் சேர்த்தாங்க. படிக்கற வேலை நிறைய சர்வருக்குப் பிரிஞ்சதும், ஒவ்வொண்ணுக்கும் மாற்றங்களைச் செஞ்சு முடிக்க மூச்சு கிடைச்சது. நம்ம நேரம் ராத்திரி 9.54க்கு எல்லாம் ஒத்திசைஞ்சது. அதுக்கப்புறமும் காத்துக்கிட்டிருந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்ஹுக்குகளைத் தீர்க்க விடிகாலை வரைக்கும் ஆச்சு.

வந்து சேர முடியாத தூரம்

இன்னொரு நிலைமை இருக்கு. பிரைமரி பழைய பதிவேட்டை எப்பவும் வைச்சிருக்காது, அழிச்சுக்கிட்டே போகும். ரெப்ளிகா ரொம்பப் பின்தங்கிட்டா, அதுக்குத் தேவையான பக்கம் அழிஞ்சுபோயிருக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அது வந்து சேராது. முதலிலிருந்து முழு நகல் எடுக்கணும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப்பில் இதுதான் ஆரம்பம். ஸ்பேம் காரணமா லோடு கூடி, போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகா பின்தங்கிச்சு. தேவையான வால் பிரைமரியில் அழிஞ்சுபோச்சு. ரெப்ளிகாவைப் புதுசா உருவாக்க முயற்சி பண்ணும்போது, ரெப்ளிகாவில் அழிக்க வேண்டிய டைரக்டரி பிரைமரியில் அழிக்கப்பட்டது. சுமார் 300 ஜிபியில் மிஞ்சினது 4.5 ஜிபி. ஆறு மணி நேரம் பழைய ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் தப்பிச்சாங்க. நடுவில் இருந்த டேட்டா போனது போனதுதான்.

அந்த நாளை எல்லாரும் 'தப்பான சர்வரில் டெலீட்' கதையாத்தான் சொல்வாங்க. நான் அதை லேக் கதையாவும் படிக்கறேன். பின்தங்கினதை வால் அழியறதுக்கு முன்னாடி பிடிச்சிருந்தா, ராத்திரி நேரத்தில் களைச்சுப்போன ஒருத்தர் அந்தக் கமாண்டை அடிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ரெப்ளிகேஷன் ஸ்லாட் போட்டா, ரெப்ளிகா வாங்கற வரைக்கும் பிரைமரி வாலை அழிக்காது. நல்லதுதான். ஆனா ரெப்ளிகா செத்துக் கிடந்தா பிரைமரியோட டிஸ்க் நிறைஞ்சு பிரைமரியும் படுத்துடும். போஸ்ட்கிரெஸ் 13லிருந்து ஒரு ஸ்லாட் எவ்வளவு வால் பிடிச்சு வைக்கலாம்னு உச்சவரம்பு போடலாம். போடுங்க. பாக்கி ஜிபியும் அந்த உச்சவரம்பும் ஒரே கிராஃபில் இருக்கட்டும். எவ்வளவு இடம் மிச்சம்னு பார்த்ததும் தெரியணும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

முதலில் ஹார்ட்பீட். அதோட சேர்த்து பாக்கியை எம்பியிலும் அளங்க. விநாடிக் கணக்கு பயனருக்கு என்ன தெரியுதுன்னு சொல்லும், எம்பி கணக்கு எப்போ முடியும்னு சொல்லும். பிரைமரியோட எழுத்து வேகமும் பக்கத்திலேயே இருக்கணும்.

அலர்ட்டை ஒரு எண்ணோட நிறுத்தாதீங்க. 'லேக் 30 விநாடிக்கு மேல், அஞ்சு நிமிஷம் தொடர்ந்து' ஒண்ணு. '15 நிமிஷமா ஏறிக்கிட்டே இருக்கு' ஒண்ணு. 'ஹார்ட்பீட் எண்ணே வரலை' ஒண்ணு. புரோமிதியஸில் பிரெடிக்ட் லீனியர் என்கிற ஃபங்ஷன் இருக்கு. இன்னும் அரை மணி நேரத்தில் டிஸ்க் நிறையுமான்னு பார்க்க அது அருமை. ஆனா பேரிலேயே லீனியர் இருக்கு. ஆறு மணி நேரம் கழிச்சு ரெப்ளிகா வந்து சேருமான்னு அதைக் கேட்காதீங்க.

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை. ஒரு ரெப்ளிகாவை லோட் பேலன்சரிலிருந்து எடுங்க. பரபரப்பான பகல் நேரத்தில், டீமுக்குச் சொல்லிட்டு, டிஸ்க்கில் இடம் இருக்கான்னு பார்த்துட்டு, மாற்றங்களைச் செய்யறதை மட்டும் 10 நிமிஷம் நிறுத்துங்க. மறுபடி ஓட விட்டு, வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. 5 நிமிஷத்தில் வந்துட்டா, ரெப்ளிகாவோட வேகம் எழுத்து வேகத்தைப் போல மூணு மடங்கு. 10 நிமிஷம்னா ரெண்டு மடங்கு. 30 நிமிஷம் ஆச்சுன்னா ஒண்ணே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அந்த ரெப்ளிகாவுக்கு டிராஃபிக்கும் சேர்த்துக் கொடுத்தா இன்னும் மோசமாகும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை இதைச் செஞ்சு எழுதி வைங்க. "எப்போ சரியாகும்?" என்கிற கேள்விக்கு உங்க பதில் அந்தத் தாளில் இருக்கும். "பகலில் விழுந்தா நாலு மணி நேரம், ராத்திரியில் விழுந்தா ஒண்ணு"ன்னு தைரியமா சொல்லலாம்.

அந்தச் சோதனையைச் செஞ்சு பார்த்தவங்க, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதுங்க. எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன் என்பதையும் சேர்த்து எழுதினா அடுத்தவங்களுக்கு உதவும். அடுத்த எபிசோடில் பேக்கப், குறிப்பா, பேக்கப் எடுக்கறது இல்லை, அதைத் திரும்ப ஏத்திப் பார்க்கறது. அதுவரைக்கும், உங்க ரெப்ளிகாவோட ஒரு மாசக் கோட்டை ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க.